கல்விக்கு ஜிடிபியில் எத்தனை சதவீதம்? இந்த எண்ணைப் படிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

கல்வியைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு சதவீதம் வந்து விழும். அந்த நாடு 7 சதவீதம் செலவு செய்கிறது, இந்த நாடு 3-ஐக்கூடத் தாண்டவில்லை, இதிலேயே தெரியவில்லையா என்பார்கள். அந்த எண் மட்டும் கையில் இருந்தால் உண்மையில் ஒன்றும் தெரியாது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், ஓர் அரசு தன் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்று விசாரிக்க இதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை. இதற்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம், வகுக்கத் தெரிந்தால் போதும். கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள்.

முதல் படி: இரண்டு சதவீதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கல்விச் செலவை இரண்டு விதமாகச் சதவீதம் ஆக்குவார்கள். ஒன்று, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஓர் ஆண்டில் நாட்டில் உருவாகும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பான ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்பது. இன்னொன்று, அரசின் மொத்தச் செலவில் எத்தனை சதவீதம் என்பது. ஒரு நாட்டின் ஜிடிபி 1000, அரசின் மொத்தச் செலவு 250, அதில் கல்விக்குப் போவது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிபியில் பார்த்தால் 4 சதவீதம், அரசுச் செலவில் பார்த்தால் 16 சதவீதம். பணம் ஒன்றுதான். ஒருவர் 4 என்றும் இன்னொருவர் 16 என்றும் சொல்லிக்கொண்டு சண்டை போட்டால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விக்குப் பதில். நாட்டில் உருவாகும் மொத்த மதிப்போடு ஒப்பிட்டால் பொதுக்கல்விக்கு எவ்வளவு போகிறது என்று முதலாவது சொல்கிறது. தன் கையில் இருக்கும் பணத்தில் கல்விக்கு அரசு எந்த இடம் கொடுக்கிறது என்று இரண்டாவது சொல்கிறது. அதனால் எப்போதும் இரண்டையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

சிங்கப்பூரைப் பாருங்கள். ஜிடிபியில் சுமார் 3 சதவீதம் அல்லது அதற்கும் கீழேதான் கல்விக்குப் போகிறது, ஆனால் அங்கே அரசின் மொத்தச் செலவே ஜிடிபியோடு ஒப்பிட்டால் சிறியது. அரசு செலவழிப்பதில் பார்த்தால் கல்விக்கு நல்ல பங்கு கிடைக்கிறது. இலங்கையின் கதை வேறு. 1945 முதல் இலவசக் கல்வி கொடுத்து வரும் நாடு அது, ஆனாலும் ஜிடிபியில் கல்வியின் பங்கு அண்மை ஆண்டுகளில் 2 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கிறது. 2020-க்குப் பிறகு சில ஆண்டுகள் வரி வருவாயே ஜிடிபியில் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புரியும். வரி வசூல் வற்றிய அரசிடம் கல்விக்கு மட்டும் தாராளம் எங்கிருந்து வரும்? அங்கே கல்வி பற்றிய கேள்வி பாதிக்கு மேல் வரி பற்றிய கேள்விதான்.

இரண்டாம் படி: எண்ணை எங்கிருந்து எடுப்பது

உலக வங்கியின் தரவுத் தளத்தில் கல்விக்கான அரசுச் செலவு, ஜிடிபியில் சதவீதம் என்று ஒரு தரவு வரிசை, அதாவது ஆண்டுவாரியான எண்களின் தொடர், இருக்கிறது. தளம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், நாட்டின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் போதும். அந்தத் தரவு பெரும்பாலும் மான்ட்ரியலில் இருக்கும் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் நாடுகளிடமிருந்து திரட்டுவது, உலக வங்கி அதை எடுத்து வெளியிடுகிறது. ஆகவே ஒருவர் யுனெஸ்கோ என்றும் மற்றவர் உலக வங்கி என்றும் சொன்னால், இரண்டு தனிச் சாட்சிகள் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

அங்கே நாடுகளின் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் ஆண்டும் ஓர் எண்ணும் இருக்கும். எண்ணுக்கு முன்னால் ஆண்டைப் பாருங்கள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைத்த கடைசி ஆண்டைக் காட்டுகிறது, ஒரு நாட்டுக்கு 2023 இருக்கும், அடுத்த வரியில் இருக்கும் நாட்டுக்குப் பத்து ஆண்டு பழைய எண் இருக்கும். மேலிருந்து கீழே வரிசைப்படுத்தி உலகத் தரவரிசை என்று பரப்பும் படங்கள் பல இப்படித்தான் பிறக்கின்றன. இடையில் சில ஆண்டுகள் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், நீங்களாகக் கோடு இழுத்து நிரப்பாதீர்கள்.

பெரும்பாலும் பணக்கார நாடுகளை ஒப்பிட, அவை உறுப்பினராக இருக்கும் ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. நல்ல அறிக்கை, ஆனால் அதில் முன்னால் நிற்கும் எண் பலநேரம் அரசும் தனியாரும் சேர்ந்து செலவழிப்பது, அதுவும் தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்கல்வி வரை மட்டும். மழலையர் கல்வியைத் தனியே வைத்திருப்பார்கள். யுனெஸ்கோ வரிசை அரசுச் செலவை மட்டும் பார்க்கிறது, ஆனால் மழலையர் கல்வியையும் சேர்க்கிறது. ஒரு நாட்டுக்கு இங்கிருந்தும் இன்னொரு நாட்டுக்கு அங்கிருந்தும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே கிடையாது.

மூன்றாம் படி: மேலே இருக்கும் எண்ணில் என்ன சேர்ந்திருக்கிறது

வகுத்தலில் மேலே இருப்பது கல்விச் செலவு. யாருடைய செலவு? மத்திய அரசு, மாநில அல்லது மாகாண அரசு, உள்ளாட்சி என மூன்று மட்டமும் சேர வேண்டும். சம்பளம் போன்ற நடப்புச் செலவும், கட்டடம் போன்ற மூலதனச் செலவும், உதவித்தொகை, மானியம் போன்றவையும் இதில் வரும். வெளிநாட்டிலிருந்து அரசுக்கு வந்து, அரசு வழியாகக் கல்விக்குப் போன உதவிப் பணமும் இதில் உண்டு. அதனால் உதவியை நம்பியிருக்கும் சிறு நாடுகளின் சதவீதம் சிலநேரம் மிக உயரமாகத் தெரியும்.

இந்தியாவை எடுத்துக்கொண்டால் இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்று புரியும். 2025-26 பட்ஜெட்டில் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.28 லட்சம் கோடி ரூபாய். அதே பட்ஜெட் ஆவணம் அந்த ஆண்டின் ஜிடிபி சுமார் 357 லட்சம் கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருந்தது. வகுத்துப் பாருங்கள், 0.36 சதவீதம் வரும். இந்தியா கல்விக்கு அரை சதவீதம்கூடக் கொடுக்கவில்லை என்று இதைப் பரப்பினால் அது தவறு. பள்ளிகளை நடத்துவதும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் பெரும்பாலும் மாநிலங்கள், அவற்றின் செலவு இந்தக் கணக்கிலேயே இல்லை.

சரி, மாநிலங்களையும் சேர்த்தால்? இப்போது இரண்டு விடை கிடைக்கும். மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில் சமூகத்துறைச் செலவு அட்டவணை ஏறக்குறைய 3 சதவீதம் என்று காட்டுகிறது. கல்வி அமைச்சகம் தானே தொகுக்கும் கணக்கும், உலக வங்கித் தளத்தில் இந்தியாவுக்கு இருப்பதும் 4 சதவீதத்துக்கு மேலே போகின்றன. அமைச்சகத்தின் தொகுப்பில் கல்வித் துறைகள் மட்டுமல்லாமல் மற்றத் துறைகள் கல்வி, பயிற்சிக்குச் செலவழிப்பதும் சேரும். வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த எல்லைக்கோட்டால் வருவது. ஆட்சியை ஆதரிப்பவர் பெரிய எண்ணையும் எதிர்ப்பவர் சின்ன எண்ணையும் எடுப்பார், நீங்கள் எதை எடுத்தாலும் எது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

நீங்களே மத்திய பட்ஜெட்டையும் மாநில பட்ஜெட்டுகளையும் கூட்டிப் பார்க்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. மத்திய அரசு மாநிலத்துக்கு அனுப்பும் பள்ளிக்கல்வித் திட்டப் பணம் மத்தியக் கணக்கிலும் செலவாக இருக்கும், மாநிலக் கணக்கிலும் செலவாக இருக்கும். அப்படியே கூட்டினால் ஒரே ரூபாயை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். அப்புறம், இந்தியக் கணக்குத் தலைப்புகளில் பொதுக்கல்விக்கு 2202, தொழில்நுட்பக் கல்விக்கு 2203 என்று எண்கள் உண்டு, ஓய்வூதியம் 2071 என்ற வேறு தலைப்பில் போகிறது. ஆசிரியர் ஓய்வூதியத்தைக் கல்விச் செலவில் சேர்க்கும் நாட்டோடு சேர்க்காத நாட்டை ஒப்பிட்டால் அந்த அளவு வித்தியாசம் சும்மா வந்து நிற்கும்.

கூடவே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அது பட்ஜெட் மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, உண்மையில் செலவான கணக்கா? பட்ஜெட் நாளன்று கேட்பது முதலாவது. அது வாக்குறுதி மட்டுமே. ஆண்டின் நடுவே பணம் குறைந்தால் திருத்திய மதிப்பீட்டில் குறைத்துவிடுவார்கள், உண்மையாகச் செலவானது அதற்கும் கீழே இருக்கலாம். கணக்கு வெளியாக ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும், அப்போது அதைக் கவனிக்க யாரும் இருப்பதில்லை. ஒதுக்கிய நாளில் வந்த செய்தியை வைத்து அரசைப் பாராட்டவோ திட்டவோ அவசரப்படாமல், இரண்டு ஆண்டுக்கு முந்தைய கணக்கைத் தேடி எடுத்துப் பாருங்கள். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பணம் அதில்தான் தெரியும்.

நான்காம் படி: கீழே இருக்கும் எண் நகர்ந்ததா

சதவீதம் ஏறினால் அரசு கூடுதலாகச் செலவழித்தது, இறங்கினால் வெட்டியது என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். ஆனால் மேலே இருப்பது அசையாமல் இருக்கும்போதே கீழே இருக்கும் ஜிடிபி அசைந்தால் சதவீதம் மாறிவிடும்.

நைஜீரியா 2014 ஏப்ரலில் தன் ஜிடிபியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலைகளையும் துறைகளையும் வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை) 1990-லிருந்து 2010-க்கு மாற்றியது. தொலைத்தொடர்பு, திரைப்படத் தொழில் என்று இடையில் வளர்ந்திருந்த துறைகள் சரியாகக் கணக்கில் வந்தன. 2013-ஆம் ஆண்டின் ஜிடிபி ஒரே நாளில் 89 சதவீதம் பெரியதாகிவிட்டது, தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய பொருளாதாரம் என்ற பெயரும் கிடைத்தது. பழைய கணக்கில் 4 சதவீதமாக இருந்த எந்தச் செலவும் புதிய கணக்கில் 2.1 சதவீதம்தான். ஒரு வகுப்பறைகூட மூடப்படவில்லை, ஓர் ஆசிரியரைக்கூட நீக்கவில்லை.

அயர்லாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 2015-இல் அந்த நாட்டின் ஜிடிபி சுமார் 25 சதவீதம் பாய்ந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குப் புத்தகங்களுக்கு மாற்றியதுதான் பெரிய காரணம். அதனால் ஜிடிபியில் கல்வியின் பங்கு சறுக்கியது. இந்தச் சிக்கல் தாங்காமல் அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2017-இலிருந்து பன்னாட்டு நிறுவனங்களால் வரும் இத்தகைய வீக்கத்தைக் கழித்து, திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஒரு கணக்கு வெளியிடுகிறது, அது அண்மை ஆண்டுகளில் ஜிடிபியின் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கிறது. அயர்லாந்தை யாராவது கல்விக்குக் கஞ்சத்தனம் செய்யும் நாடாகக் காட்டினால், எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2020-இல் பெருந்தொற்றால் உலக ஜிடிபி சுமார் 3 சதவீதம் சுருங்கியது. சம்பளங்கள் அப்படியே போய்க்கொண்டிருந்ததால் பல நாடுகளில் கல்வியின் சதவீதம் ஏறியது, பள்ளிகள் மூடிக்கிடந்த அதே ஆண்டில்! ஆக, இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது சதவீதத்தோடு நிற்காமல், விலைவாசியைக் கழித்த பிறகு செலவுத் தொகை கூடியதா குறைந்ததா என்றும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பணம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், விவாதங்களில் பெரும்பாலும் காணாமல் போவதும் இதுதான். ஜிடிபியில் சதவீதம் என்ற கணக்கில் குழந்தைகளே கிடையாது. மேலே பணம், கீழே பணம். பிள்ளைகளை நீங்கள்தான் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

நைஜரில் (மேலே சொன்ன நைஜீரியா அல்ல, அதன் பக்கத்து நாடு) மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ஜப்பானில் அந்தப் பங்கு 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டு நாடும் ஜிடிபியில் சரியாக 4 சதவீதத்தைக் கல்விக்குக் கொடுக்கின்றன என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 4-ஐ 0.5-ஆல் வகுத்தால் 8. அதாவது நைஜரில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது, ஒரு மனிதரின் சராசரி ஆண்டு வருமானத்தில் (ஜிடிபியை மக்கள்தொகையால் வகுத்தால் வரும் தலா ஜிடிபியில்) 8 சதவீதம். 4-ஐ 0.12-ஆல் வகுத்தால் 33. ஜப்பானில் ஒரு பிள்ளைக்குச் சராசரி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. ஒரே 4 சதவீதம்தான், ஆனால் விகிதமே நான்கு மடங்கு தள்ளி நிற்கிறது.

இதோடு முடியவில்லை. நைஜரின் தலா ஜிடிபி ஆண்டுக்கு 600 டாலரைச் சுற்றி இருக்கிறது, அதில் 8 சதவீதம் என்றால் 48 டாலர். ஜப்பானில் தலா ஜிடிபி 34,000 டாலர் அளவில் இருக்கிறது, மூன்றில் ஒன்று என்றால் 11,000 டாலருக்கு மேல். விலைவாசி வித்தியாசத்தையும் ஆசிரியர் சம்பள வித்தியாசத்தையும் கழித்தாலும் இந்தப் பள்ளம் மூடாது. ஓர் ஆண்டு முழுக்க ஒரு பிள்ளைக்கு 48 டாலர், அதில் ஆசிரியர் சம்பளம் போக, புத்தகத்துக்கும் பெஞ்சுக்கும் கழிப்பறைக்கும் என்ன மிஞ்சும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு நாடும் ஒரே அளவு அக்கறை காட்டுகின்றன என்று அந்த 4 சதவீதத்தை வைத்துச் சொல்பவரிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் பார்க்கும் எந்த நாட்டுக்கும் இந்தக் கணக்கைச் செய்யலாம். கல்விச் செலவின் சதவீதத்தை, மக்கள்தொகையில் பள்ளி வயதினரின் பங்கால் வகுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் சேர்ந்து படிக்கும் மாணவர் எண்ணிக்கையால் வகுக்கலாம். ஆனால் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கே வராத நாட்டில் அப்படி வகுத்தால் ஒரு மாணவருக்கான செலவு நன்றாகத் தெரியும், வெளியே நிற்கும் பிள்ளைகள் கணக்கில் இருக்க மாட்டார்கள். அதனால் நான் எப்போதும் வயதை வைத்தே முதலில் வகுத்துப் பார்ப்பேன்.

ஆறாம் படி: இலக்கு எண்களை எப்படி வைத்துக்கொள்வது

4 முதல் 6 சதவீதம் என்று அடிக்கடி கேட்பீர்கள். 2015-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த உலகக் கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, 2030-க்கான கல்விச் செயல்திட்டத்தில் நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு அது: ஜிடிபியில் குறைந்தது 4 முதல் 6 சதவீதம், அல்லது பொதுச் செலவில் குறைந்தது 15 முதல் 20 சதவீதம், அல்லது இரண்டும். அந்த ‘அல்லது’ பல அரசுகளுக்கு வசதியான கதவு. எது தங்களுக்குச் சாதகமோ அதைக் காட்டிவிட்டுப் போய்விடலாம்.

இந்தியாவின் 6 சதவீதம் இதைவிடப் பழையது. இந்தியக் கல்வியை ஆராய அரசு அமைத்த 1964-66 கோத்தாரி ஆணையம் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்று பரிந்துரைத்தது. 1968 கல்விக் கொள்கை அதைச் சொன்னது, 1986 சொன்னது, 2020 கொள்கையும் மத்தியும் மாநிலங்களும் சேர்ந்து விரைவில் 6-ஐ எட்ட வேண்டும் என்று சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இலக்கு எழுதப்பட்டுக்கொண்டே வருகிறது என்றால் அது அலட்சியம் தவிர வேறு என்ன? ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், பிள்ளைகளின் பங்கு குறைந்துவரும் நாட்டுக்கு 4 போதுமானதாக இருக்கலாம், பாதி மக்கள் சிறுவர்களாக இருக்கும் நாட்டுக்கு 6-உம் போதாது. ஐந்தாம் படியைத் தாண்டாமல் இந்த இலக்கோடு யாரையும் ஒப்பிட வேண்டாம்.

ஏழாம் படி: எண்ணுக்கு வெளியே இருப்பது

பெற்றோர் கட்டும் கட்டணம், டியூஷன், சீருடை, புத்தகம், இவை எதுவும் இந்தச் சதவீதத்தில் இல்லை. உலக அளவில் கல்விக்கு ஆகும் மொத்தச் செலவில் சுமார் 30 சதவீதம் குடும்பங்களின் பையிலிருந்து போகிறது என்று யுனெஸ்கோவின் 2021-22 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது, ஏழை நாடுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். எனவே அரசின் சதவீதம் குறைவாக இருக்கும் நாட்டில் அடுத்த கேள்வி, மீதியை யார் கட்டுகிறார்கள் என்பது. கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், முடியாதவர்களின் பிள்ளைகள் கிடைத்ததை வைத்துப் படிக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் விடை. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே அதையும் தேடுங்கள்.

சதவீதம் கூடினால் கற்றல் தானாகக் கூடிவிடும் என்றும் எழுதிவிடாதீர்கள். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில், மேலே சொன்ன சிங்கப்பூர் 2022-இல் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் முதலிடம் வந்தது. அதற்காகக் குறைவாகச் செலவழிப்பதே நல்லது என்றும் அர்த்தமில்லை, அங்கே தலா வருமானம் அவ்வளவு பெரியது, 3 சதவீதம் என்றாலும் ஒரு மாணவருக்கு வரும் தொகை கனமானது.

கடைசியாக எழுதும்போது

இவ்வளவும் பார்த்த பிறகு நீங்கள் ஒரு பதிவு எழுதப் போகிறீர்கள் என்றால், சதவீதம் வரும் வாக்கியத்திலேயே நான்கு விஷயங்களைச் சேர்த்துவிடுங்கள்: எந்த ஆண்டு, யாருடைய வரிசை, எந்தெந்த அரசு மட்டங்கள், ஒதுக்கீடா செலவா. அடுத்த வாக்கியத்தில் அரசுச் செலவில் எத்தனை சதவீதம் என்றும், அதற்கடுத்து ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள். வாக்கியம் நீளும், பரவாயில்லை, படிப்பவர் உங்களைச் சரிபார்க்க முடியும். தரவை இறக்கிய தேதியையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் பழைய ஆண்டுகளின் எண்களையும் பின்னால் திருத்துவார்கள், ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து உங்கள் எண் பொருந்தவில்லையே என்றால் அந்தத் தேதியும் நீங்கள் இறக்கி வைத்த கோப்பும்தான் பதில் சொல்லும்.